ஐந்தா, இருபத்தைந்தா?

கேள்வி: டாக்டர், எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் பிளஸ் ஒன் படிக்கிறான், 16 முடிந்துவிட்டது. கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் முன்யோசனை துளியும் கிடையாது. போன மாதம் அவன் அப்பாவுடைய பைக்கை எடுத்து, பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு பைபாஸில் ரேஸ் விட்டிருக்கிறான். கேட்டால், "தப்புன்னு தெரியும்மா, அப்போ தோணலை" என்கிறான். ராத்திரி ஒரு மணி வரை விழித்திருக்கிறான்; காலையில் எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. சின்னவள் எல்கேஜி. அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு நிறுவனத்தார் வந்து, "குழந்தையின் மூளை 5 வயதுக்குள் 90 சதவீதம் வளர்ந்துவிடும். அதற்குள் நடுமூளையைத் தூண்டிவிடாவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது" என்று பேசினார்கள். 'மிட் பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்று பெயர். ஒரு சிறுவன் கண்ணைக் கட்டிக்கொண்டு புத்தகம் வாசித்துக் காட்டினான். கட்டணம் பல ஆயிரம். டிவியில் ஒரு டாக்டரோ 25 வயது வரை மூளை முழுதாக வளராது என்றார். என் மாமியாரைக் கேட்டால் "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்கிறார். ஐந்தா, இருபத்தைந்தா? யார் சொல்வதை நம்புவது?

– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்:

ஐந்தும் சரி, இருபத்தைந்தும் ஏறக்குறையச் சரி. இரண்டு பேரும் வேறு வேறு விஷயத்தை அளந்து சொல்கிறார்கள், அவ்வளவுதான். வகுப்பு விற்க வந்தவர் சொன்னது மூளையின் அளவை. டிவியில் பேசியவர் சொன்னது அதற்குள் நடக்கும் வேலையை. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் உங்கள் மகன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான், மகளுக்கு என்ன வேண்டும் என்கிற இரண்டும் விளங்கிவிடும்.

முதலில் அளவு. பிறந்த குழந்தையின் மூளை 350 முதல் 400 கிராம் எடை இருக்கும். வளர்ந்தவர்களுக்கு 1,300, 1,400 கிராம். இரண்டு வயதிலேயே முக்கால் பங்குக்கு மேல் வந்துவிடும், ஆறு வயதுக்குள் 90 சதவீதத்தைத் தாண்டிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிதாகத் தெரிவது இதனால்தான். ஆனால் இந்த எடை புதுப்புது நரம்பணுக்கள் முளைத்து வருவதல்ல. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருப்பதாக பிரேசிலைச் சேர்ந்த சுசானா ஹெர்குலானோ-ஹூசலின் குழு 2009இல் கணக்கிட்டது. அவற்றில் மிகப் பெரும்பாலானவை குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே உருவாகிவிட்டவை. பிறந்த பிறகு வளர்வது அவற்றின் கிளைகள், ஒன்றோடொன்று போட்டுக்கொள்ளும் இணைப்புகள், அவற்றைத் தாங்கும் துணை அணுக்கள், இழைகளைச் சுற்றி உருவாகும் மயலின் என்ற கொழுப்பு உறை.

இணைப்புகளின் கதைதான் சுவாரசியமானது. சிகாகோவில் பீட்டர் ஹட்டன்லோக்கர் என்ற குழந்தை நரம்பியல் மருத்துவர், இறந்தவர்களின் மூளைத் துணுக்குகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்து நரம்பணு இணைப்புகளைக் கையால் எண்ணினார். வயது ஏற ஏற இணைப்பும் ஏறும் என்றுதானே யாரும் நினைப்போம்? 1979இல் அவர் வெளியிட்ட கணக்கு நேர்மாறாக இருந்தது. பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளிடம்தான் இணைப்புகள் மிக அதிகம். பார்வைக்கான பகுதியில் எட்டு மாத வாக்கில் உச்சத்துக்குப் போய், பிறகு பல வருடங்களில் மெல்லக் குறைகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியில் இந்த ஏற்றமும் இறக்கமும் தாமதமாக நடக்கின்றன. இறக்கம் பருவ வயது முழுக்க நீள்கிறது. அதாவது மூளை முதலில் தாராளமாக இணைப்புகளைப் போட்டுவிடுகிறது. பிறகு புழங்குவதை வைத்துக்கொண்டு புழங்காததைக் கைவிடுகிறது. உங்கள் ஊர்ப்பக்கம் பொட்டலில் மழைக்குப் பிறகு எல்லா இடத்திலும் புல் முளைக்கும். ஆள் நடமாட்டம் உள்ள தடம் மட்டும் தடமாக நிற்கும். அப்படித்தான்.

இது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறது என்பதற்குக் கனடாவில் நடந்த ஒரு ஆய்வைச் சொல்லலாம். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்டது. ஆங்கிலம் மட்டுமே பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு, இந்தியில் நாக்கை மடித்துச் சொல்லும் 'ட'வையும் பல்லில் ஒட்டிச் சொல்லும் 'த'வையும் ஒலித்துக் காட்டினார்கள். ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் இரண்டையும் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்துக்குள் பெரும்பாலானவை அந்தத் திறனை இழந்துவிட்டன. வீட்டில் யாரும் அந்த ஒலிகளைப் பேசவில்லை, மூளை அதைத் தேவையில்லை என்று விட்டுவிட்டது. உங்கள் மகள் வீட்டில் நாள் முழுக்கத் தமிழ் கேட்டு வளர்ந்தவள்; அவளுக்கு இந்த இரண்டும் ஒரு சிரமமே இல்லை. யாரும் கட்டணம் வாங்கிக்கொண்டு அதைத் தூண்டிவிடவில்லை.

இப்போது அந்த 'மிட் பிரெய்ன்' வகுப்புக்கு வருகிறேன். நடுமூளை என்று உண்மையிலேயே ஒரு பகுதி உண்டு. மூளைத் தண்டின் மேல்பகுதி. விழிகளை அசைப்பது, கண்பாவை சுருங்குவது, சத்தம் வந்த திசைக்குத் திரும்புவது, விழிப்பு நிலை போன்ற அடிப்படை வேலைகளில் அதற்குப் பங்கு உண்டு. உங்கள் மகளுக்கு அது பிறந்த நாளிலிருந்து வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. செய்யாமல் இருந்தால் வகுப்புக்கு அல்ல, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும். கண்ணைக் கட்டி வாசிப்பது பழைய மேஜிக் வித்தை. மூக்கின் இரண்டு பக்கமும் துணிக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கும் சிறு இடைவெளி போதும். சந்தேகம் இருந்தால் அந்தச் சிறுவனின் மூக்குக்குக் கீழே ஒரு அட்டையைப் பிடித்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது புத்தகத்தை அவன் தலைக்குப் பின்னால் வையுங்கள். வித்தை அத்தோடு முடிந்துவிடும். இதில் எனக்குப் பணம் போவதைவிடப் பெரிய கவலை, வாசிக்க முடியாத பிள்ளை பெற்றோரை ஏமாற்றப் பழகுகிறது என்பது. கைரேகையை ஸ்கேன் பண்ணி "உங்கள் பிள்ளை எந்தப் படிப்புக்கு லாயக்கு" என்று அறிக்கை தருகிறவர்களும் இதே ரகம்தான். வேண்டாம்.

அப்படியானால் இளம் வயதில் தவறவிடக்கூடாத காலம் என்று எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஹார்வர்டில் டேவிட் ஹூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் தைத்து மூடினார்கள். சில மாதம் கழித்துத் திறந்தபோது கண்ணில் ஒரு குறையும் இல்லை, ஆனால் பூனைக்கு அந்தக் கண்ணால் பார்க்கத் தெரியவில்லை. மூளையின் பார்வைப் பகுதி மூடாத கண்ணோடு மட்டும் இணைந்துவிட்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் அப்படி எதுவும் ஆகவில்லை. 1981இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள். கேட்கக் கொடூரமான சோதனைதான். ஆனால் உலகம் முழுக்க மாறுகண், பிறவிக் கண்புரை உள்ள குழந்தைகளுக்குச் சீக்கிரம் சிகிச்சை செய்வதற்கு அடிப்படை அதில்தான் கிடைத்தது. நம் வீடுகளில் மாறுகண் அதிர்ஷ்டம் என்று இன்னும் விட்டுவைக்கிறார்கள். ஒரு கண் சோம்பிப்போனால் அதைத் திருத்த மிகச் சுலபமான வயது ஏழுக்குள். ஆகவே வகுப்புக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் சிறு பங்கை எடுத்து, மகளுக்கு ஒரு தடவை கண் பரிசோதனையும் காது பரிசோதனையும் செய்துவிடுங்கள். குறை ஏதும் வெளியில் தெரியாவிட்டாலும்.

அன்பும் இதே பட்டியலில் வரும். சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி 1989இல் கவிழ்ந்தபோது ருமேனியாவின் அனாதை விடுதிகளில் ஏராளமான குழந்தைகள் கிடந்தார்கள். அவர்களுக்குச் சோறு கிடைத்தது. தூக்கவும் பேசவும் ஆள் இல்லை. 2000இல் தொடங்கி அமெரிக்க ஆய்வாளர்கள் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா மூவரும் புகாரெஸ்டில் 136 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவுத்திறன் விடுதியிலேயே இருந்தவர்களைவிட உயர்ந்தது. இரண்டு வயதுக்கு முன்பே போனவர்களிடம் முன்னேற்றம் மிக அதிகம். ஒரு குழந்தை எதையோ காட்டி மழலையில் கேட்கிறது, யாரோ ஒருவர் திரும்பி பதில் சொல்கிறார். இந்தச் சின்னப் பரிமாற்றம் நாள் முழுக்க நடக்கவேண்டும். உங்கள் மாமியார் அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பார் என்பது என் அனுமானம்.

ஆனால் அவர் சொன்ன பழமொழியை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவின் எம்ஐடியில் பேராசிரியராக இருக்கும் பவன் சின்ஹா 'பிரகாஷ்' என்ற திட்டத்தில், பிறவிக் கண்புரையோடு பல வருடம் பார்வையில்லாமல் இருந்த வட இந்தியச் சிறுவர்களுக்கு அறுவைச் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்து, பிறகு அவர்கள் பார்க்கக் கற்பதையும் ஆராய்ந்தார். எட்டு முதல் பதினேழு வயது வரையுள்ள ஐந்து பேரை வைத்து 2011இல் வெளியான ஒரு கட்டுரை உண்டு. கட்டுப் பிரித்தவுடன், கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து இதுதான் என்று சொல்ல அவர்களால் முடியவில்லை. சில நாட்களிலேயே முடிந்தது. பார்வையின் கூர்மை முழுமையாக வரவில்லை என்பது உண்மைதான், ஆனாலும் அந்த வயதில் இனி பயனில்லை என்று சொன்ன பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டியிருந்தது. பார்வை, செவி, தாய்மொழி, பாசம் போன்ற அடிப்படைகளுக்குத்தான் இளம் வயது அவ்வளவு முக்கியம். அபாகஸுக்கோ இந்திக்கோ கம்ப்யூட்டருக்கோ நாலு வயதில் எந்தக் கதவும் மூடிக்கொள்வதில்லை.

உங்கள் மகளின் மூளைக்கு வேண்டிய இன்னொன்று சாப்பாடு. பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு மூளைக்குப் போகிறது. ஐந்து வயதுக் குழந்தைக்கு இந்தச் செலவு உச்சத்தில் இருக்கும். நாள் முழுதும் உடல் செலவிடும் மொத்த சக்தியில் 40 சதவீதத்துக்கு மேல் மூளையே எடுத்துக்கொள்கிறது என்று 2014இல் கிறிஸ்டோஃபர் குசாவாவின் குழு கணக்கிட்டது. அந்த வயதில் உடல் மெதுவாக வளர்வதற்கு அதுவே காரணம் என்பது அவர்கள் கருத்து. இரும்புச்சத்து, அயோடின் இரண்டும் குறைந்தால் மூளை வளர்ச்சி நேரடியாக அடிபடும். முட்டை, பருப்பு, கீரை, அயோடின் உப்பு. காலை உணவைத் தவிர்க்காமல் கொடுங்கள். தமிழ்நாட்டில் 2022இல் அரசு தொடக்கப் பள்ளிகளில் வந்த காலை உணவுத் திட்டம் நம் மாநிலத்திலேயே மிகப் பெரிய மூளை வளர்ச்சித் திட்டம் என்று நான் சொல்வேன். அதற்கு யாரும் மேடை போட்டு விளம்பரம் செய்ய வேண்டியதில்லை.

இனி மூத்தவன்.

அவன் வயதுப் பிள்ளைகளின் மூளையில் நடப்பதைக் காட்டியது எம்ஆர்ஐ ஸ்கேன். அதில் எக்ஸ்-ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. ஆகவே ஆரோக்கியமான பிள்ளைகளையும் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்கலாம். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜே கீட் என்ற மருத்துவர் 1991 முதல் இதைச் செய்யத் தொடங்கினார். அதே பிள்ளைகள் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார்கள். 1999இல் முடிவுகள் வெளியாயின. நெற்றிப் பகுதியில் நரம்பணுக்களும் இணைப்புகளும் செறிந்த சாம்பல் நிறப் பொருள் பெண்களுக்குப் பதினொரு வயது வாக்கிலும் ஆண்களுக்குப் பன்னிரண்டு வயது வாக்கிலும் உச்சம் தொட்டு, பிறகு குறையத் தொடங்குகிறது. ஹட்டன்லோக்கர் எண்ணிக் கண்ட அந்த இறக்கத்தின் சாயல் இங்கே உயிருள்ளவர்களிடம் தெரிந்தது. 2004இல் அதே குழுவைச் சேர்ந்த நிதின் கோக்டே, நாலு வயது முதல் 21 வயது வரை மூளை முதிரும் வரிசையைப் படமாக்கிக் காட்டினார். பார்வை, தொடு உணர்வு, அசைவு இவற்றுக்கான பகுதிகள் முதலில். மொழிக்கும் இடத்தை அறிவதற்குமான பகுதிகள் அடுத்து. திட்டமிடல், அடக்கிக்கொள்ளல், பின்விளைவைக் கணக்குப் பார்த்தல் ஆகியவற்றைக் கவனிக்கும் நெற்றிப் பகுதி கடைசிக் கட்டத்தில்.

இதற்கிடையில் பருவ வயதின் ஹார்மோன்கள், ஆசையையும் சந்தோஷத்தையும் கவனிக்கும் உட்பகுதிகளை முன்கூட்டியே சூடேற்றிவிடுகின்றன. நண்பன் மெச்சுவது அந்த வயதில் நம்மால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு இனிக்கும். ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஜேசன் ச்செயினும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் ஸ்கேனருக்குள் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். தனியாக ஓட்டும்போது பருவ வயதினரும் பெரியவர்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி ஓட்டினார்கள். அடுத்த அறையில் நண்பர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பருவ வயதினர் மட்டும் மஞ்சள் விளக்கில் நிற்காமல் பாய்ந்தார்கள். அந்த நேரத்தில் அவர்கள் மூளையில் ஆசைப் பகுதி கூடுதலாக எழுந்தது. பெரியவர்களிடம் இந்த மாற்றம் இல்லை. இந்த ஆய்வு 2011இல் வெளியானது. உங்கள் மகன் தனியாகப் போயிருந்தால் ரேஸ் விட்டிருப்பானா என்று யோசித்துப் பாருங்கள்.

அப்படியென்றால் கணக்கில் மட்டும் எப்படிப் புலியாக இருக்கிறான்? அவனுடைய வாக்குமூலமே இதற்குப் பதில்: "தப்புன்னு தெரியும்மா, அப்போ தோணலை." பொய் சொல்லவில்லை. ஸ்டைன்பெர்க்கும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தியா உட்பட 11 நாடுகளில் பத்து முதல் முப்பது வயது வரையுள்ள 5,000க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். 2019இல் வந்த முடிவு இது: நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயது வாக்கிலேயே பெரியவர்களுக்குச் சமமாகிவிடுகிறது. ஆனால் உணர்ச்சி கொதிக்கும்போது தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் அதைவிடப் பல வருடம் பின்னால் வருகிறது. தேர்வு அறையில் முதல் திறன் போதும். பைபாஸில் இரண்டாவதுதான் வேண்டும்.

25 என்ற எண்ணுக்கு அறிவியலில் தனி மரியாதை கிடையாது. பல ஆய்வுகள் இருபதுகளின் நடுவோடு நின்றுவிட்டன. அதனால் அந்த எண் ஒட்டிக்கொண்டது. 2022இல் 'நேச்சர்' இதழில் 1,20,000க்கும் மேற்பட்ட ஸ்கேன்களைச் சேர்த்து வெளியான ஆய்வில், மூளையின் சாம்பல் நிறப் பொருள் ஆறு வயதை ஒட்டி உச்சம் தொடுகிறது, மயலின் உறை நிறைந்த வெண்ணிறப் பொருள் 29 வயதை ஒட்டித்தான் உச்சம் தொடுகிறது. ஜே கீட் சொன்ன பன்னிரண்டு வயதோடு இது முரண்படுகிறதே என்று கேட்பீர்கள். அவர் சொன்னது நெற்றிப் பகுதியை மட்டும், அதோடு புதிய ஆய்வுகள் அந்த உச்ச வயதையும் முன்னுக்கே கொண்டுவந்திருக்கின்றன. எந்த அளவுகோலை எடுக்கிறோமோ அதற்கேற்ப வயது மாறும். எந்தப் பிறந்த நாளிலும் மூளை 'முடிந்தது' என்று மணி அடிப்பதில்லை. ஆகவே 25 வரை அவனை விட்டுப்பிடியுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புழங்காத இணைப்புகள் கழியும் காலம் என்றால் புழங்குவது நிலைக்கும் காலம் என்றும் அர்த்தம். அவன் இந்த வருடங்களில் எதை அடிக்கடி செய்கிறானோ அது அவனோடு தங்கும். மது, கஞ்சா இரண்டும் இந்த வயதில் கூடுதலாகக் கெடுப்பதும் இதனால்தான்.

தூக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். முழுப் பழியையும் அவன் மேல் போடாதீர்கள். அமெரிக்காவில் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடான் பல வருடங்களாகக் காட்டிவருவது, பருவ வயதில் மெலடோனின் சுரக்கும் நேரமே இரவில் பின்னால் தள்ளிப்போகிறது என்பது. அதற்கு மேல் செல்போன் வெளிச்சம். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். கலிஃபோர்னியாவில் 2022 முதல் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நம் ஊரில் ஐந்து மணி டியூஷன். விடியற்காலையில் எழுந்து படித்தால்தான் மண்டையில் ஏறும் என்பது எட்டரைக்குத் தூங்கியவர்களின் காலத்து அறிவுரை. படித்தது நினைவில் தங்குவது தூக்கத்தில்தான். அவனுக்கும் அப்படி டியூஷன் இருந்தால் நேரத்தை மாற்ற முடியுமா என்று ஆசிரியரிடம் பேசிப் பாருங்கள். பத்தரைக்கு மேல் போன் உங்கள் அறையில் சார்ஜ் ஆகட்டும். உங்கள் போனும், அவன் அப்பாவுடையதும் சேர்த்து.

ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பெரும் பங்கு பருவ வயது முடிவதற்குள் தலைகாட்டிவிடுகிறது. சுபாவமே திடீரென மாறுவது, வாரக்கணக்கில் யாரோடும் பேசாமல் அறைக்குள் கிடப்பது, சாகிறேன் என்ற பேச்சு வருவது, இவற்றை "வயசுக் கோளாறு" என்று தள்ளாமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் தெரியவில்லை.

நடந்ததைப் பற்றி அவனோடு சண்டை போடும் நேரத்தில் பேசாதீர்கள். சொல்வது அப்போது உள்ளே ஏறாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவன் அப்பா பேசட்டும். அடுத்த தடவை நண்பன் ஏறச் சொன்னால் என்ன பதில் சொல்வாய் என்று கேட்டு, அந்தப் பதிலை அவன் வாயாலேயே சொல்லவைக்கட்டும். "அப்பா சாவியைத் தர மாட்டார்" என்பது நல்ல பதில். நண்பர்கள் முன்னால் மானம் போகாமல் தப்பிக்க உங்களை ஒரு சாக்காகப் பயன்படுத்திக்கொள்ளட்டும்.

அந்தப் பதில் உண்மையாகவும் இருக்க வேண்டும். 16 வயதில் உரிமம் கிடைப்பது 50 சிசிக்கு மேற்படாத கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். கியர் பைக்குக்கு 18 ஆக வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு, வண்டியின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்தாகும். சாவியை இன்றைக்கே எடுத்து உள்ளே வையுங்கள்.